தெரியவில்லை அம்மாளின் பதினெட்டுக் கணவர்கள்

ஸ்டோர்க்காரருக்குக் காலிக் கட்டம் என்றாலே ஆகாது. முப்பத்தாறு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிடங்கில் உட்கார்ந்து, பஞ்சு எத்தனை கட்டு, ஊசி எத்தனை பெட்டி என்று அட்டை எழுதியே தலை நரைத்த மனிதர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு அட்டை இருந்தால் அதில் ஒன்று திருட்டு அட்டை, கண்ட இடத்தில் கிழித்துப் போட வேண்டும். இதுதான் அவருடைய வேதம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் சோப்புப் பெட்டிக்கும் லேபிள் ஒட்டி ஒரு வழியாகப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்த ஆளிடம், மகள் ஒரு மடிக்கணினியைக் கொடுத்து, அதில் குடும்ப மரம் எழுதும் மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவர் மனைவியால் இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.

மனைவியும் அதே ஆஸ்பத்திரிதான். வார்டிலிருந்து சீட்டு எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வரும் நர்ஸ். சீட்டில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் இவர். அவளும் சளைக்காமல் படியிறங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வருவாள். இப்படித் திருப்பி அனுப்பி அனுப்பியே காதல் முற்றிவிட்டது. நிச்சயமான பிறகும் வாய் தவறி அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுத் தொலைத்ததை வைத்து சக ஊழியர்கள் ஒரு வருஷம் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகியும் அவரை வீட்டில் "ஸ்டோரு" என்றுதான் அவள் கூப்பிடுகிறாள். தெருவுக்கே அவள் நர்ஸம்மா.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியக்காவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். ஸ்டோர்க்காரரைவிடப் பதிமூன்று வயது மூத்தவள், அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு சின்ன மண்டபம் பிடித்து, அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு. அங்கே எட்டடி அகலத்தில் குடும்ப மரத்தை அச்சடித்துத் தொங்கவிடுவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை மதியத்துக்குள் அச்சுக்கடையில் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதமாகத் தொலைபேசியும் கையுமாக அலைந்து, இருநூற்றுச் சொச்சம் பேரைச் சேர்த்துவிட்டார்.

சிக்கல் ஒரே ஓர் இடத்தில்தான். போன வாரம் நர்ஸம்மா சொல்லிவிட்டாள்:

"எல்லாரையும் போடுங்க. என்னை மட்டும் விட்டுடுங்க."

"என்ன பேச்சு இது? உன்னை விட்டுட்டு எப்படி?"

"ஒவ்வொருத்தருக்கும் தலைக்கு மேல ரெண்டு பேர் இருக்காங்க. எனக்கு மேல என்ன இருக்கு? அந்தரத்துல தொங்கிட்டிருப்பேன். அறுபது பேர் வரிசையா வந்து பாத்துட்டு உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு வேணாம் ஸ்டோரு."

அவள் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். இரண்டு வயதில் ஒரு பேருந்தின் கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தவளை நடத்துனர் தூக்கிக்கொண்டு வந்து அங்கே ஒப்படைத்தார். அவ்வளவுதான் அவளுடைய வரலாறு. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ரத்தத்தைப் பார்ப்பாள், வாந்தியை அள்ளுவாள், டாக்டர்களின் மூக்குக்கு மேல் வரும் கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே தாங்குவாள். "ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் மட்டும் அவளால் தாங்க முடியாது. அப்படிச் சொன்ன ஒருவர் வீட்டுக்கு அப்புறம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டோர்க்காரருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இல்லாத ஒரு மரத்தை எட்டடிக்கு அச்சடித்து என்ன பிரயோஜனம்? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, சத்தமில்லாமல் அவளைச் சேர்த்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அவளுக்கு மேலே இரண்டு கட்டம் காலியாக முழித்துக்கொண்டிருந்தன. அம்மா: தெரியவில்லை. அப்பா: தெரியவில்லை. இரண்டையும் நிரப்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

வியாழக்கிழமை காலை நர்ஸம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். இவர் மடிக்கணினியைத் திறந்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. "இந்தப் பதிவுகள் ஒரே நபராக இருக்கலாம். ஒன்றாக்கவா?" பார்த்தால், "தெரியவில்லை, பெண்" என்ற பெயரில் பத்தொன்பது பதிவுகள் வரிசையாக நிற்கின்றன.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். இவர் கண்ணுக்கு அவை பத்தொன்பது பெண்களாகத் தெரியவில்லை. ஒரே பெயரில் பத்தொன்பது அட்டைகளாகத் தெரிந்தன. முப்பத்தாறு வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. ஆமாம், ஆமாம், ஆமாம் என்று பதினெட்டு முறை அழுத்தி, பதினெட்டு அட்டைகளையும் ஒன்றுக்குள் சேர்த்து, கிடங்கைக் கூட்டிப் பெருக்கிய திருப்தியோடு காப்புப் பிரதியையும் எடுத்து வைத்தார். பழைய பிரதியை அழித்துவிட்டு, அதன் இடத்தில் புதியதை வைத்தார். அதிலெல்லாம் ஆள் கெட்டி.

பிறகுதான் எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. முதல் எச்சரிக்கை: "இந்த நபர் தனது 104ஆம் வயதில் பிரசவித்துள்ளார். சரிபார்க்கவும்." அடுத்தது: "இந்த நபருக்கு ஒரே சமயத்தில் ஏழு கணவர்கள் இருந்துள்ளனர்." ஸ்டோர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தெரியவில்லை அம்மாள் என்ற ஒரே பெண்மணிக்கு மொத்தம் பதினெட்டுக் கணவர்கள், அறுபத்து மூன்று பிள்ளைகள். கொள்ளுத்தாத்தா ஒருவர் மட்டும் இதே அம்மாளை இரண்டு முறை மணந்திருந்தார். இரண்டு தாரமும் பெயர் தெரியாதவர்கள், அதனால் வந்த வினை. ஸ்டோர்க்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்தா நர்ஸம்மா உள்ளே வர வேண்டும்? பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்தாள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

அவர் திரையைக் காட்டினார். அவள் குனிந்து படித்தாள். கீழே கடைசியாக ஒரு வரி: "உங்கள் மனைவி உங்களுக்கு என்ன உறவு? உங்கள் தாத்தாவின் தங்கை."

நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி திரையைப் பார்த்து மறுபடி சிரித்தாள். "எழுந்து நில்லுங்க பேராண்டி, பெரியவங்க முன்னாடி என்ன உக்காந்துகிட்டு?" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் வெளியே விடப் பயமாக இருந்தது.

பயந்தது சரிதான். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னைப் போட்டிருக்கீங்க."

"ம்..."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"எங்கம்மாவையும் போட்டு, யார் யாரோடயோ சேத்து..." அவள் முடிக்கவில்லை. "19 பதிவுகள் ஒன்றாக்கப்பட்டன" என்ற வரியில் விரலை வைத்தாள். "இவங்கள்லாம் யாரு? இந்தப் பத்தொன்பது பேரு?"

ஸ்டோர்க்காரர் தட்டுத் தடுமாறி விளக்கினார். அவள் அம்மா போக மற்ற எல்லாரும் வீட்டுப் பெண்கள்தான். பெரியப்பா வழி, அத்தை வழி, தாத்தாவின் தம்பிகள் வழி. யாரைக் கேட்டாலும் பெரியம்மா என்கிறார்கள், சின்னத்தை என்கிறார்கள், மாமி என்கிறார்கள். முறை சொல்லியே கூப்பிட்டுப் பழகியதில் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆம்பளைங்கள்ல எத்தனை பேருக்குப் பேர் தெரியல?"

அவர் தயங்கினார். "ஒருத்தர்தான். உங்கப்பா."

"அடேயப்பா!" என்றாள் நர்ஸம்மா. "இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் ஆதியும் அந்தமும் தெரியாதவன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்க வம்சத்துலயே பதினெட்டுப் பேரா!" குரலில் கோபம் இருந்ததா கேலி இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அரைமணி கழித்துத் தேநீரோடு திரும்பி வந்தாள்.

"எல்லாரையும் ஒவ்வொருத்தரா பிரிங்க. எங்கம்மாவத் தனியா எடுத்து வைங்க. யார் கூடவும் ஒட்டக் கூடாது. படத்துல போடறதா வேணாமாங்கறத நான் அப்புறம் சொல்றேன்."

பிரிப்பது லேசுப்பட்ட வேலையா? மென்பொருள் கடைசி ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. மற்றவர்களை ஒவ்வொருவராகப் புதிதாக எழுத வேண்டும். எழுதினாலும், பழையபடி எல்லாருக்கும் ஒரே பெயர் வைத்தால் மறுபடி ஒன்றாக்கவா என்று அது வந்து நிற்கும். யோசனை நர்ஸம்மாவுடையது. "வார்டுல பேர் தெரியாத நோயாளி வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? அடையாளம் எழுதுவோம். பேர் இல்லாட்டிப் போகுது, ஆளுக்கு ஓர் அடையாளம் இருக்கும்ல? அக்காகிட்ட கேளுங்க."

பெரியக்காவுக்குத் தொலைபேசி போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் தம்பியை வாயார ஏசினாள்.

"கூறு கெட்டவனே, பதினெட்டுக் குடும்பத்தையும் ஒரே பொம்பளை தலையில கட்டிட்டியா? ஒரு குடும்பத்தக் கட்டி மேய்க்கறதே என்ன பாடு!" பிறகு வியாழன் மதியமும் வெள்ளி முழுக்கவும் சளைக்காமல் சொன்னாள். பெயர் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. ஆனால் ஆட்கள் அப்படியே வந்தார்கள். வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்து எல்லாரையும் விரட்டிய பெரியம்மா. சைக்கிள் ஓட்டத் தெரிந்தும், மாமனார் கண்ணில் பட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்த சின்னத்தை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றிய மாமி. எட்டுப் பிள்ளைகளின் பெயரும் குழம்பிப்போய் "ஏய் அஞ்சாவது, ஏய் ஏழாவது" என்றே அதட்டிய இன்னொரு பெரியம்மா. இதை அவள் நடித்துக் காட்டியபோது மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததில், அண்டை வீட்டுக்காரர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

கொள்ளுத்தாத்தாவின் இரண்டு தாரங்களை மட்டும் பெரியக்காவும் பார்த்ததில்லை. "மூத்தவங்க பிள்ளைங்களையும் இளையவங்கதான் வளத்தாங்களாம், சொந்தப் பிள்ளை எது, மூத்தா பிள்ளை எதுன்னே வெளியாளுக்குத் தெரியாதாம்" என்றாள். ஸ்டோர்க்காரர் அதை எழுதிக்கொண்டார். அட்டை நிரம்ப நிரம்ப அவருக்கு ஒரு சந்தோஷம். ஆறு மாதம் "தெரியவில்லை" என்று எழுதித் தள்ளியபோது இப்படி ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினெட்டும் முடிந்தது. பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தி என்ன, ஒலிபெருக்கியில்தான் இருந்தது.

"டேய் தம்பி, அவளோட அப்பா அம்மா கட்டத்துல ரெண்டு நல்ல பேராப் பாத்துப் போட்டுடு. யாரு வந்து விசாரிக்கப் போறா? பாவம், அவளுக்கும் மனசு நிறையும்."

ஸ்டோர்க்காரர் ஒலிபெருக்கியை அணைக்கக் கையை நீட்டினார். சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாளே! கிடங்கில் இல்லாத சரக்கை இருப்பதாக எழுதுவது அவருக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். எதிரில் உட்கார்ந்திருப்பவளின் முகம் இன்னொரு பக்கம். ஆனால் நர்ஸம்மா எழுந்து போகவில்லை. தொலைபேசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. இல்லாத ஆளுங்களுக்கு நான் எப்படிப் பொண்ணா இருக்கறது?"

"சரிம்மா," என்றாள் பெரியக்கா. "நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாம சொல்லிட்டேன். நீ வா, அது போதும் எனக்கு."

சனிக்கிழமை காலை. மதியத்துக்குள் அச்சுக்கடை. பத்தொன்பதாவது அட்டை திரையில் திறந்து கிடந்தது. ஸ்டோர்க்காரர் மனைவியிடம் கேட்கத் துணிவில்லாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் அவள் அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுவது என்று மனதைத் தேற்றி வைத்திருந்தார். வார்த்தை மாறக் கூடாது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்டதே இது ஒன்றுதான்.

நர்ஸம்மா பீரோவைத் திறந்து, தன் சான்றிதழ்களுக்கு அடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து வந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போகும்போது இல்லத்தில் கொடுத்த தாளாம், அவளைச் சேர்த்த அன்று பதிவேட்டில் எழுதியதன் நகல். இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"நானே இத நாலஞ்சு தடவைக்கு மேல படிச்சதில்ல. படிங்க."

அவர் சத்தமாகப் படித்தார். பெண் குழந்தை. வயது சுமார் இரண்டு. எடை பத்தரை கிலோ. உடம்பில் புண், தழும்பு இல்லை. தலையில் பேன் இல்லை. கை கால் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டுள்ளன.

"அங்கயே நிறுத்துங்க," என்றாள். "ரெண்டு வயசுப் புள்ளைக்கு நகம் வெட்டியிருக்கீங்களா நீங்க?"

"நம்ம பொண்ணுக்கு நீதானே வெட்டுவ."

"அதான் எனக்குத் தெரியும். பத்து விரல் கையில, பத்து விரல் கால்ல. ஒரு நிமிஷம் நிக்காது, உருவிக்கிட்டு ஓடும். மடியில போட்டு, கதை சொல்லி, ஒவ்வொரு விரலாப் புடிச்சு வெட்டணும். சதையில படாம வெட்டணும். நல்ல கைகாரிக்கே அரைமணி ஆகும். பொண்ணு பொறந்து, நான் வெட்டிவிட ஆரம்பிச்சப்பதான் இந்த வரி எனக்குப் புரிஞ்சது. பஸ்ல உக்கார வைக்கறதுக்கு முன்னாடி யாரோ என் கைய இவ்வளவு நேரம் புடிச்சிட்டிருந்திருக்காங்க ஸ்டோரு."

அவள் அழவில்லை. அவர்தான் அழுதார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அசிங்கமாக. அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள். பெயர்: தெரியவில்லை. அடையாளம்: மகளுக்கு நகம் வெட்டிவிட்டவர்.

"அப்பா கட்டத்துல?" என்றார் அவர்.

"அவரப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னே இருக்கட்டும். இருந்தாருங்கறது நிச்சயம்தானே." சேமிக்கும் பொத்தானையும் அவளே அழுத்தினாள். "கெளம்புங்க, கடையச் சாத்திடப் போறான்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பந்தியைவிட மரத்தடியில்தான் கூட்டம். அவரவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சீட்டாட்ட மாமியின் பேரன்கள் இருவர், ஏமாற்றும் புத்தி யாருக்கு வந்திருக்கிறது என்று அங்கேயே சண்டை பிடித்தார்கள். ஸ்டோர்க்காரருக்குப் பாராட்டு குவிந்தது. அவருக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை, கண் முழுக்க மனைவி மேலேயே இருந்தது. அவளோ தண்ணீர் ஜாடிப் பக்கம் போய், நிரம்பிய தம்ளர்களையே மறுபடி நிரப்பிக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தைரியமாக அடித்துக் கொடுத்துவிட்டாளே தவிர, இப்போது யார் வாயிலிருந்து "ஐயோ பாவம்" வருமோ என்று அவளுக்குப் பயம்.

பெரியக்கா மூக்குக் கண்ணாடியோடு ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பேத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். விரல் நர்ஸம்மாவின் கட்டத்துக்கு வந்தது. அதற்கு மேலே ஏறியது. அங்கே நின்றது.

"மகளுக்கு நகம் வெட்டிவிட்டவர்," என்று பேத்தி படித்தாள். "இது யாரு பாட்டி? நம்ம சொந்தமா? இவங்களப் பத்தி நீங்க சொன்னதே இல்லையே?"

நர்ஸம்மாவின் கையில் ஜாடி சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

"நல்லாக் கேட்ட போ," என்றாள் பெரியக்கா. "தம்பி பொண்டாட்டியப் பெத்தவங்க. எனக்கு அத்தை முறை." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "உனக்குக் கொள்ளுப்பாட்டி ஆகணும். அத்தைய நான் பாத்ததில்ல, அதான் சொல்லல. வா, அடுத்தது யாருன்னு பாப்போம்."

விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. அத்தை என்று அவள் சொன்னது சர்வ சாதாரணமாகத்தான், மற்ற பதினெட்டுப் பேரையும் சொன்ன அதே வாயால்தான். ஆனால் இந்த ஐம்பத்தாறு வருஷத்தில் அந்தப் பெண்மணியை ஒருவர் முறை வைத்துச் சொல்லி நர்ஸம்மா கேட்டது அதுவே முதல் தடவை. அவள் ஜாடியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக மரத்தடிக்கு வந்து, பெரியக்காவின் பக்கத்தில், தன் அம்மாவின் கட்டத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டாள்.

"ஸ்டோரு," என்று கூப்பிட்டாள், "எங்கள ஒரு படம் எடுங்க."